தங்கை கொடுத்த கியர் பாக்ஸ்

வண்டி என்னுடையது. அதற்குள் இருந்த கியர் பாக்ஸ் என் தங்கையின் கணவருடையது. அவர் இறந்து ஒன்றரை வருடம் கழித்து, நொறுங்கிப்போன அவருடைய வண்டியிலிருந்து கழற்றி என் வண்டியில் மாட்டினேன். இதைக் கேட்டால் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். செத்தவர் வாட்சைக் கட்டிக்கொள்கிறோம், செத்தவர் சட்டையைப் போட்டுக்கொள்கிறோம், கியர் பாக்ஸ் மட்டும் ஆகாதா என்று நானும் அன்றைக்கு டாக்ஸி ஸ்டாண்டில் வாயடித்தேன். வாயடிப்பதில் எனக்கு எப்போதும் குறைச்சல் இருந்ததில்லை. நடந்த அத்தனைக்கும் அந்த வாய்தான் காரணம் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விருத்தாசலம் பாலக்கரை ஸ்டாண்டில் அப்போது கான்டெசா கார் வைத்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான், நானும் என் தங்கை மாப்பிள்ளையும். நீள மூக்கும் அகல இடுப்புமாக அந்த வண்டி வந்து நின்றாலே பாதி ரோடு அடைபட்டுப் போகும். சினிமாவில் வில்லன் இறங்குகிற வண்டி என்று பிள்ளைகள் கை காட்டுவார்கள். கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளையை ஏற்றவும், மங்கலம்பேட்டையிலிருந்து துபாய்க்கும் சவுதிக்கும் போகிறவர்களை மெட்ராஸ் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடவும் இதைத்தான் கேட்பார்கள். என்னுடையது ஆரம்பத்தில் வந்த மாடல், நான்கு கியர். மாப்பிள்ளை வாங்கியது பிறகு வந்தது. பெரிய இன்ஜின், ஐந்து கியர்.

அந்த ஐந்தாவது கியர் என்னவென்று வண்டி ஓட்டாதவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். நான்காவது கியரில் இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால், பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டும் ஒரு சுற்றுதான் சுற்றும். ஐந்தாவதில் இன்ஜின் ஒரு சுற்றை முடிப்பதற்குள் ஷாஃப்ட் அதைத் தாண்டிப் போய்விடும். வேகம் அப்படியே இருக்கும், இன்ஜின் மட்டும் அடங்கி ஓடும். என் வண்டி எண்பதைத் தொட்டால் பிள்ளை பெறுகிறவள் மாதிரி கத்தும். பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் நானும் கத்த வேண்டும். மாப்பிள்ளை வண்டியில் அதே எண்பதில் பின் சீட்டில் குழந்தை தூங்கும்.

எனக்குப் பொறாமைதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான். என் வயதுதான் அவருக்கும். பீங்கான் சாமான் செய்கிற செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பில் எழுதிக்கொண்டிருந்தவர், என் தங்கையைக் கட்டிய பிறகு அந்த வேலை பிடிக்காமல் என் வண்டியில் வந்து உட்கார்ந்தார். இரண்டு வருடம் என் வண்டியை ஓட்டினார். பிறகு சொந்தமாக வாங்கினார், வாங்கும்போதே என்னுடையதைவிட நல்லதாக வாங்கினார். பொறாமை இருந்தாலும் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. "மச்சான் சொன்னா சரியா இருக்கும்" என்று நாலு பேர் முன்னால் சொல்கிற மனிதரிடம் எப்படிக் கோபம் வரும்?

எங்கள் ஸ்டாண்டில் ஒரு பழக்கம் இருந்தது. பழக்கம் என்று சொல்வதைவிட வியாதி என்று சொல்லலாம். வழியில் எந்தப் பாலம் வந்தாலும் அதன் உச்சிக்கு ஏறியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, சாவியை ஒரு கட்டம் பின்னால் திருப்பி இன்ஜினை நிறுத்திவிடுவோம். வண்டி சத்தமில்லாமல் இறக்கத்தில் உருண்டுபோகும். யார் வண்டி அதிக தூரம் உருள்கிறதோ அவருக்கு மற்றவர்கள் டீ வாங்கித்தர வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று சொல்லிக்கொள்வோம். அதில் என்னை அடிக்க ஆளே கிடையாது. ஒரு முறை ஊருக்குள் இருக்கிற பாலத்து உச்சியிலிருந்து ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சு வரைக்கும் உருட்டிக் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கிக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

என் வண்டியில் அது ஆபத்தில்லாமல் நடந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பிரேக்குக்கு பூஸ்டர் என்று ஒன்று உண்டு. இன்ஜின் ஓடும்போது உறிஞ்சுகிற காற்றின் இழுப்பை வைத்து, நாம் காலால் லேசாக மிதிப்பதை அது பலமாக்கித் தரும். என் வண்டியில் அது எப்போதோ செத்துப்போய், கழற்றி எறிந்துவிட்டுக் கால் பலத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் எனக்கு ஒரே மிதிதான். ஆனால் பூஸ்டர் நன்றாக இருக்கிற வண்டியில் இன்ஜினை நிறுத்திவிட்டு உருட்டினால், இரண்டு மூன்று மிதிக்குத்தான் பிரேக் பிடிக்கும். அதற்குப் பிறகு மரக்கட்டையை மிதிக்கிற மாதிரி ஆகிவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், சொல்ல வேண்டிய நேரத்தில் அது என் மண்டைக்கு வரவில்லை.

மாப்பிள்ளை வண்டி எடுத்து ஆறு மாதம் இருக்கும். டீக்கடையில் ஐந்தாவது கியரின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார், லிட்டருக்கு இத்தனை கிடைக்கிறது, இன்ஜின் சத்தமே இல்லை என்று. எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அஞ்சாவது கியரெல்லாம் நியூட்ரலுக்கு ஈடா வருமா மாப்ள? நம்ம வித்தைய மறந்துட்டீங்களா? எறக்கத்துல சாவியத் திருப்பி வுட்டுப் பாருங்க, காத்துல போற மாதிரி போவும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "செஞ்சி பாத்துட்டு வந்து சொல்றேன் மச்சான்" என்றார்.

அடுத்த வாரம் மெட்ராஸில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது, உளுந்தூர்பேட்டைக்கு முன்னால், ட்ரங்க் ரோட்டில் ஒரு பாலத்து இறக்கத்தில் அவர் போய்விட்டார். பட்டப்பகல். கீழே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பக்கத்து வழியிலிருந்து ரோட்டில் ஏறியிருக்கிறது. வண்டி அதன் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது. உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வண்டியிலிருக்கும் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு போலீஸ்காரர் என்னை அந்த இடத்துக்கு அழைத்துப் போனார்.

சாவி வண்டியிலேயே இருந்தது. அதில் தங்கை கோத்துக்கொடுத்த ஜெபமாலை தொங்கியது. சாவி ஆஃபில் இருந்தது. யாரோ தீப்பிடிக்கும் என்று பயந்து நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். பக்கத்தில் இருந்த கடைக்காரரிடம், "சாவிய யாருங்க ஆஃப் பண்ணது?" என்று கேட்டேன்.

"யாருங்க கிட்டப் போவா? கதவ ஒடச்சி ஆளத்தான் எடுத்தாங்க. சாவியெல்லாம் யாரும் தொடலீங்களே" என்றார் அவர். "ஆனா பாவம், பிரேக்கே அடிக்கல. ரோட்ல ஒரு கோடு கூட இல்ல, பாருங்க. அவ்ளோ ஸ்பீடு."

ஊரும் அதையேதான் சொன்னது. புது வண்டி, அஞ்சு கியர், தலைகால் தெரியாத வேகம். நான் மறுத்துப் பேசவில்லை. சாவியை உருவி சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

என் தங்கை ஊர் சொன்னதை நம்பியதற்கு அவளுக்கென்று ஒரு காரணம் இருந்தது. அன்று காலையில் ஸ்கூலில் அவர்கள் மகள் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. எஸ்டேட்டில், சூளைக்குப் போகாத பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளின் ஓரத்தை ஈர ஸ்பாஞ்சால் வழிக்கிற வேலை அவளுக்கு. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்து, களிமண் காயாத கையோடு எதிர்க் கடை பூத்திலிருந்து அவருடைய செல்லுக்குப் போன் செய்திருக்கிறாள். "பாப்பாவுக்கு ஜொரங்க, சீக்கிரம் வாங்க" என்றாளாம். அவர் சரி என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவள் இதைச் சொல்லி அழுதாள். பிறகு அழுகை நின்றுவிட்டது, அந்த நினைப்பு மட்டும் நிற்கவில்லை. சீக்கிரம் என்ற சொல்லை அவள் வாயில் அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. ஸ்கூல் பஸ் வாசலில் ஹாரன் அடிக்கும், பாப்பா ஒரு காலில் ஷூவோடு தேடிக்கொண்டு நிற்பாள், இவள் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். மாதம் தவறாமல் மாதா கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வாள். ஒவ்வொரு தடவையும் இதே பாவம். "சாமியாரு இது பாவமே இல்லம்மாங்கறாரு. அவருக்கென்னா தெரியும்ணா?" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

கோர்ட்டிலிருந்து வண்டி திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கிரேன் வைத்து லாரியில் தூக்கிக்கொண்டு வந்து அவள் வீட்டுப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் போட்டார்கள். முன்பக்கம் இருந்த இடமே தெரியவில்லை. அவள் தினமும் அதைச் சுற்றித்தான் துணி காயப்போட்டாள். ஒரு நாள் பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து கேட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் என்னை வரச் சொன்னாள்.

"அவங்க எடுத்துக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒனக்கு வேண்டியத கழட்டிக்கண்ணா" என்றாள்.

"எனக்கென்னாம்மா வேணும் அதுல?"

"கியர் பாக்ஸ எடுத்துக்க. அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு, மச்சான் வண்டிக்கு மட்டும் அஞ்சாவது கியரு இருந்தா ஸ்டாண்டுல அதான் ராஜான்னு. அது ரோட்ல ஓடிக்கிட்டு இருந்தா எனக்கு ஒரு ஆறுதலு."

எனக்கு மனசுக்குள் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, மூன்றாவது முறை சரி என்றேன்.

மெக்கானிக் மங்கலம்பேட்டைக்காரர். ஜங்ஷன் ரோட்டில் பட்டறை வைத்திருந்தார். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நான் விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டும் ஒரே பேரு வண்டிதாங்க, ஆனா உள்ள வேற வேற ஜாதி. இன்ஜின் வாயும் கியர் பாக்ஸ் வாயும் பொருந்தாது. ஷாஃப்டு நீளம் வேற. கிளட்ச் பிளேட் வேற. இதுக்குப் புதுசா ஒரு பொண்டாட்டி கட்டிக்கலாம் நீங்க" என்றார். அப்புறம் அவருக்கே ஆசை வந்துவிட்டது. பாய்க்கு முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது. அவரே சொன்னாலும் பிடிக்காது.

கழற்றுகிற அன்று நானும் கூட இருந்தேன். நொறுங்கிய வண்டியைப் பட்டறைக்கு லாரியில் கொண்டுவந்திருந்தோம். டேஷ்போர்டு பின்னால் தள்ளி வந்து கியர் ராடைச் சீட்டோடு சேர்த்து நசுக்கிப் பிடித்திருந்தது. ராடை எந்தப் பக்கமும் அசைக்க முடியவில்லை. பாய் ஆக்ஸா பிளேடால் அதை அறுத்து எடுத்தார். பெட்டியை இறக்கிப் பலகைமேல் வைத்து, மேல் மூடியைத் திறந்தார். கியர் மாற்றும்போது முன்னும் பின்னும் நகர்கிற கம்பிகள் உள்ளே வரிசையாக இருக்கும். அவற்றைப் பார்த்தாலே வண்டி எந்த கியரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பாய் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு விரலை விட்டு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார்.

"என்னா பாய், அஞ்சாவதுல மாட்டிக்கிட்டு இருக்குதா?" என்று கேட்டேன்.

அவர் டார்ச்சை அணைத்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் நடுவுல இருக்குதுங்க. நியூட்ரலு" என்றார்.

"லாரியில ஏத்தும்போது யாராச்சும் தள்ளியிருப்பாங்க."

"எதத் தள்ளுவாங்க? ராடு நசுங்கி மாட்டிக்கிட்டு இல்ல இருந்துச்சி? இப்பதான நான் அறுத்தேன். இடிக்கும்போதே நியூட்ரலுதான்." மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "சாவி?" என்று கேட்டார்.

பாயும் எங்கள் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவர்தான். எங்கள் விளையாட்டு அவருக்குத் தெரியும். "ஆஃப்ல இருந்துச்சி" என்றேன். மாப்பிள்ளை நான் சொன்னதைத்தான் செய்து பார்த்திருக்கிறார். ரோட்டில் பிரேக் கோடு இல்லாததற்கும் இப்போது காரணம் தெரிந்துவிட்டது. அவர் மிதித்திருப்பார். மரக்கட்டையை மிதித்திருப்பார். ஆறு மாதமாக மெத்தென்ற பிரேக்குக்குப் பழகிய கால், ஏன் பிடிக்கவில்லை என்று புரிவதற்குள் டிராக்டர் வந்திருக்கும்.

"தங்கச்சிக்குத் தெரியுமா?" என்று பாய் கேட்டார்.

"என்னத்த?"

"அந்தம்மா போன் பண்ணதாலதான் வேகமா வந்தாருன்னு சொல்லிக்கிட்டு இருக்குதுல்ல? அவசரமா வர்றவன் எவன்யா இன்ஜின ஆஃப் பண்ணி உருட்டிக்கிட்டு வருவான்? சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன். அன்றைக்கே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். பட்டறையிலிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "பொருந்துதாண்ணா?" என்று கேட்டாள். அவள் முகத்தில் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வெளிச்சம் இருந்தது. "பொருந்தும்மா, கொஞ்சம் வேல இருக்குது" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவளைக் கலங்கடிக்க வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பயந்தேன். உன் புருஷனைக் கொன்றது என் வாய் என்று சொன்ன பிறகு அவள் எனக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுப்பாளா என்று பயந்தேன்.

வேலை ஒரு மாதம் இழுத்தது. இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் வைக்க, லேத் பட்டறையில் சொல்லி ஒரு தடித்த தகடு கடைந்து வாங்கினோம். இரண்டு வண்டிகளின் கிளட்ச் பிளேட்டுகளையும் பிரித்து, இதன் நடுவையும் அதன் ஓரத்தையும் ஒன்றாக ரிவெட் அடித்தார் பாய். ஷாஃப்டை அறுத்து நீளம் குறைத்து வெல்டிங் வைத்தார். வண்டியின் தரையை வெட்டி, சுத்தியலால் தட்டித் தட்டிக் குழி பண்ணினார். எல்லாம் முடிந்து வண்டி வெளியே வந்தபோது பாய் கூலியில் பாதியைத்தான் வாங்கினார். காரணம் சொல்லவில்லை. நியூட்ரலைப் பற்றி அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் என் முகத்தை ஒரு தரம் பார்ப்பார், அவ்வளவுதான்.

முதல் லாங் டிரிப்பில் திண்டிவனம் தாண்டி ஐந்தாவதைப் போட்டேன். கத்திக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று அடங்கியது. இதற்குத்தான் இத்தனை வருடம் ஏங்கினேன். ஆனால் அந்தக் கத்தல் எனக்கு எவ்வளவு பெரிய உதவி செய்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கத்தலில் ஒன்றும் யோசிக்க முடியாது. இந்த நிசப்தத்தில் எல்லாம் கேட்டது. "செஞ்சி பாத்துட்டு வந்து சொல்றேன் மச்சான்." பின் சீட்டில் ஏர்போர்ட் போகிற குடும்பம் ஒன்று வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தது. நான் ஐந்தாவதை எடுத்துவிட்டு நான்காவதிலேயே மெட்ராஸ் வரைக்கும் போனேன்.

பிறகு இன்னொன்று ஆரம்பித்தது. ஐந்தாவதில் போய்க்கொண்டிருக்கும்போதே கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பையத் தள்ளிவிட்ட மாதிரி, சத்தம் கூட இல்லாமல். பாயிடம் காட்டினேன். இடித்த வேகத்தில் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று புது ஸ்பிரிங் போட்டார். ஒரு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் மறுபடியும். மறுபடியும் பிரித்துப் பார்த்தார், தேய்மானம் இல்லை. "எனக்குத் தெரிஞ்சி இதுல ஒரு கொறையும் இல்லீங்க" என்றார். நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு லாங் ரோட்டில் இடது கையை கியர் ராடிலிருந்து எடுத்ததில்லை. மணிக்கணக்கில் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். வீட்டுக்கு வந்து சோறு பிசையும்போது விரல் மடங்காது.

பாலத்து உச்சிகளில்தான் ரொம்பக் கஷ்டம். இருபது வருடப் பழக்கம். வண்டி உச்சியில் ஏறியதும் வலது கை தானாகச் சாவிக்குப் போகும். பல முறை கை சாவியில் பட்டபிறகுதான் எனக்குத் தெரியும். அந்த ஜெபமாலையை என் சாவியில் மாட்டி வைத்திருந்தேன். மணிகள் விரலில் இடிக்கும்போது அவர் கையைத் தொட்டுவிட்ட மாதிரி இருக்கும். ஒரு தடவை ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கல்யாண சவாரி. பாலத்தில் அப்படித் திடுக்கிட்டு நான் பிரேக்கை மிதித்ததில் பின்னால் இருந்த மணப்பெண்ணின் மாலை அறுந்துவிட்டது. அவர்கள் திட்டியதை வாங்கிக்கொண்டேன்.

கோயில் பூசையில் சாமியார் கொடுக்கிற நன்மை அப்பத்தை வாங்குவதை நிறுத்திவிட்டேன். ஒரு முறை தெரியாத ஊர்க் கோயிலில், என்னை அறியாத சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து பார்த்தேன். மாப்பிள்ளையை உசுப்பிவிட்டதைச் சொன்னேன், தங்கையிடம் மறைத்ததைச் சொல்லவில்லை. மூன்று முறை அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வண்டிக்கு வந்து உட்கார்ந்து ராடைப் பிடித்தபோது எல்லாம் அப்படியே இருந்தது.

தங்கைக்கு மட்டும் அந்த வண்டி பிடித்துப்போய்விட்டது. சொந்தக்காரர் வீட்டு விசேஷம், பாப்பாவின் ஆஸ்பத்திரி, எதற்கும் என்னைத்தான் கூப்பிடுவாள். முன் சீட்டில்தான் உட்காருவாள். ஐந்தாவதைப் போட்டதும் வண்டி அடங்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். "இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்ணா" என்பாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ராடை அழுத்திப் பிடித்திருப்பேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். சொந்தக்காரர் இருக்கிற கருவேப்பிலங்குறிச்சி போய்ச் சேரும்வரை வாய் வராது, திரும்பி வரும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போடுவேன், திரும்பி வரும்போது பாப்பா இருக்கிறாளே என்று தள்ளிப்போடுவேன். இப்படியே மூன்று வருடம் போனது.

வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு அவளையும் பாப்பாவையும் அந்த வண்டியில்தான் கூட்டிப்போவேன். மூன்றாவது வருடம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்கச் சேறு. அவள் கல்லறையை வழித்துச் சுத்தம் செய்து, செவ்வந்திப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றினாள். காற்றில் அணைந்தது. நான் குனிந்து கையால் மறைத்துக்கொண்டேன். அவள் மண்டியிட்டு வாய்விட்டே பேசினாள். ஒவ்வொரு வருடமும் பேசுவதுதான். மற்றவர்கள் ஜெபம் சொல்கிற மாதிரி இவள் இதைச் சொல்வாள்.

"நான் அன்னிக்கிப் போன் பண்ணாம இருந்திருந்தா நீங்க மெதுவாத்தான வந்திருப்பீங்க. என்ன மன்னிச்சிடுங்க."

பாப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள், அம்மாவின் தோளில் கை வைத்துக்கொண்டு, "அம்மா போன் பண்ணது எனக்கு ஜொரம் வந்ததாலதாம்ப்பா. என்னயும் மன்னிச்சிடுங்க" என்றாள். முதல் வருடமும் இரண்டாம் வருடமும் அவள் அப்படிச் சொல்லவில்லை.

என் கையிலிருந்த மெழுகுவத்தி மறுபடியும் அணைந்துவிட்டது. நான் திரும்ப ஏற்றவில்லை. பாப்பாவைக் கோயில் பிள்ளைகளோடு முன்னால் போகச் சொல்லிவிட்டு, தங்கையை வண்டிக்குக் கூட்டி வந்தேன். சாவியைப் போடாமலே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையில் நான் சொன்னதிலிருந்து, சாவி ஆஃபில் இருந்ததிலிருந்து, பாய் டார்ச் அடித்துப் பார்த்தது வரைக்கும்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்ஜின் ஆஃப்ல இருந்துச்சிம்மா. நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு வந்திருக்காரு. அவசரமா வர்றவரு அப்படி வர மாட்டாரு. நீ போன் பண்ணதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அப்ப அவரு அவசரப்படல" என்றாள்.

"இல்லம்மா."

"அவசரப்படல" என்று மறுபடியும் சொன்னாள். பிறகு அழுதாள். அவர் செத்த மூன்றாம் நாளுக்குப் பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை. உடம்பு குலுங்க அழுது, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடிப்பாள், சபிப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நீ வெளயாட்டுக்குச் சொன்னது. அவரும் வெளயாட்டுப் புள்ளதான். அதுக்கு ஒன்ன நான் என்னான்னு சொல்லட்டும்ணா?" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்து அவள் கையைப் பிடிக்கப் போனேன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "பாய் பட்டறையில கழட்டன அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். சேற்றில் காலை ஊன்றி, கதவைப் பிடித்தபடி நின்றாள். தூரத்தில் பாப்பா அம்மாவுக்காகக் காத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"மூணு வருஷமா நீதான இந்த வண்டியில எங்கள இங்க கூட்டியாந்த. நான் அவருகிட்ட மன்னிப்பு கேக்கும்போதெல்லாம் பக்கத்துல மெழுவத்தியப் புடிச்சிக்கிட்டு நின்ன" என்றாள். "இன்னிக்கி எம்பொண்ணும் கேட்டுட்டாளேண்ணா."